அப்பா அம்மாவுக்கு அப்புறம் யார்? பதின்பருவப் பிள்ளைகளுக்கு ஊர் செய்யக்கூடியது

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டில் எந்தப் பக்கம் போனாலும் அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் வீடுகள் உண்டு. அம்மா இங்கே தனியாகச் சமாளிப்பார். சில வீடுகளில் அம்மாவும் சென்னையில் வேலையில் இருக்க, பிள்ளை அப்பத்தா ஐயாவோடு வளரும். மாதாமாதம் பணம் வரும், நல்ல போன் வரும், ராத்திரி வீடியோ காலில் அப்பா முகமும் வரும். சரி, பதினான்கு வயதில் அந்தப் பிள்ளைக்கு மனதில் ஏதோ உறுத்துகிறது. யாரிடம் போய்ச் சொல்லும்?

அப்பா அம்மா இருவரும் கூடவே இருக்கிற வீட்டிலும் இதே கேள்வி உண்டு. அந்த வயதில் பெற்றவர்களிடம் சொல்ல முடியாத விஷயங்கள்தான் அதிகம். சொன்னால் திட்டுவார்களோ, பயந்துவிடுவார்களோ, போனைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று ஆயிரம் கணக்குப் போடும்.

குழந்தை வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் இதைப் பாதுகாப்புக் காரணி என்ற கருத்தை வைத்து விளக்குகிறார்கள். வறுமை, வீட்டில் குடி, சண்டை, நோய் போன்றவை பிள்ளையைக் கீழே இழுக்கிற அபாயக் காரணிகள். அதே கஷ்டத்துக்குள் இருந்தும் உடைந்து போகாமல் மேலே வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தாங்கிப் பிடித்தது எதுவோ அதுதான் பாதுகாப்புக் காரணி. ஹவாயைச் சேர்ந்த கவாய் என்ற தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நடுவயது வரை விடாமல் கவனித்து வந்தார்கள். மிக மோசமான சூழலில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்ல வேலை, நல்ல குடும்பம் என்று நிலைபெற்றார்கள். அவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டது ஒரு மனிதர். பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, அடுத்த வீட்டுக்காரரோ, யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பாடு வந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம், அக்கறையுள்ள ஒரு பெரியவரோடாவது நிலையான உறவு இருப்பதைத்தான் கஷ்டத்தில் உடைந்துபோகாத தாங்குசக்தியின் பொதுவான அடித்தளமாகக் காட்டுகிறது. பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராயும் அமெரிக்காவின் சர்ச் (Search) இன்ஸ்டிடியூட் ஒரு படி மேலே போய், பெற்றோர் அல்லாத மூன்று பெரியவர்களாவது ஒரு பிள்ளைக்கு ஆதரவாக இருக்கவேண்டும் என்கிறது. மூன்று பேர்! உங்கள் தெருவில் உள்ள ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை நினைத்து விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

அந்த வயதில் உள்ளே என்ன நடக்கிறது

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை பதின்பருவம் என்கிறது. உடம்பு வளர்வது எல்லோருக்கும் கண்ணில் படும். மூளை படுகிற பாடு வெளியே தெரியாது. பரவசம், கோபம், பாராட்டுக்கான ஏக்கம் இவற்றைக் கிளப்புகிற பகுதிகள் இந்த வயதில் படு சுறுசுறுப்பு. நிதானித்து யோசிக்க வைக்கிற முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். பக்கத்தில் சேக்காளிகள் இருந்தால் துணிச்சல் இன்னும் ஏறும். தனியாகப் போனால் ஒழுங்காக வண்டி ஓட்டுகிற பையன், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு தேவகோட்டை ரோட்டில் பறப்பதும், சிராவயல் மஞ்சுவிரட்டில் வேடிக்கை பார்க்கப் போனவன் கூட்டாளி தள்ளிவிட்டதும் களத்துக்குள் குதிப்பதும் இதனால்தான். திமிர் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். (வண்டி விஷயத்தில் இன்னொன்று. சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் வண்டி கொடுத்த பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு என்று 2019-ல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். சாவியை நீட்டுகிற மாமாக்கள் கவனிக்க.)

தூக்கமும் அப்படித்தான். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இந்த வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. ஆகவே பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. தேவை என்னவோ 8 முதல் 10 மணி நேரம். காலை ஐந்து மணிக்கு டியூஷன், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், நடுவில் வேன் பயணம் என்று போட்டு அடைத்தால் அந்தத் தூக்கத்தை எங்கே வைப்பது? மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டத் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தைய வயது அது. ‘பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல

பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில், மீசை முளைக்காத பையன்களையும் கப்பலேற்றி அனுப்பினார்கள். அங்கே அவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததும், சாப்பிட்டானா என்று பார்த்ததும், தப்புச் செய்தால் கண்டித்ததும் அவர்கள்தான். அந்த ஏற்பாட்டைப் புனிதமாக்க வேண்டியதில்லை. கடல் தாண்டிய கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) ராத்திரி அழுதுகொண்டே தூங்கிய பையன்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு பையன் வளர அப்பா மட்டும் போதாது, கூட இருந்து பார்க்க வேறொரு ஆள் வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். போவது அப்பா, தங்குவது பிள்ளை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் ஒரு பாட்டியும் ஒரு பேத்தியும் மட்டும் இருப்பதைப் பார்க்கலாம். அப்பத்தா முன்கட்டில் டிவி முன்னால், பிள்ளை உள்கட்டில் போன் முன்னால்.

வெளிப்படையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் கட்டடம் கட்டிக் கொடுக்க ஆளுக்குக் குறைவில்லை. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலம் கொடுத்தார். அந்தக் கொடை மனம் இன்றும் இருக்கிறது. பள்ளிக்கு வகுப்பறை வேண்டும், ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்றால் யாராவது முன்வந்துவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச ஆள் தேடினால்தான் கிடைப்பதில்லை. பதின்பருவப் பிள்ளைக்கு இப்போது தேவைப்படுகிற நன்கொடை அந்த நேரம்தான் என்பது என் கட்சி.

கேட்பது என்றால் என்ன

அக்கறையான பெரியவர் என்றதும் புத்திமதி சொல்கிறவர் என்று நினைத்துவிடுகிறோம். புத்திமதிக்கு அந்தப் பிள்ளைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்பதாம் வகுப்புப் பெண், பெயர் மீனாள் என்று இருக்கட்டும். அடுத்த தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்காவிடம் சுடிதார் பேண்ட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்திருக்கிறாள்.

“ஏத்தா, நேத்து வேன்ல உன்னக் காணோமே?”

“வயித்து வலிக்கா.”

“ம்.”

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. பாபினில் நூல் சுற்றுகிறார். ஊசியில் கோக்கிறார். இரண்டு தையல் ஓடுகிறது.

“வயித்து வலி மட்டும் இல்லக்கா.”

“சொல்லுத்தா.”

போன மாதம் பள்ளியில் யூனிபார்மில் கறை பட்டுவிட்டது, பின்பெஞ்சில் சிரித்தார்கள், அதிலிருந்து அந்த நாட்களில் பள்ளிக்கூடமே போவதில்லை. மூன்று வாக்கியம்தான். அதைச் சொல்லி முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆகிறது.

இங்கே அக்கா செய்தவை மிகச் சின்னவை. முதலில், குறுக்கு விசாரணை இல்லை. “ம்” என்று விட்டுவிட்டார், அமைதியை நிரப்ப அவசரப்படவில்லை. இரண்டாவது, முகத்துக்கு நேர் உட்காரவைத்துப் பேசவில்லை. கைக்கு வேலையும் கண்ணுக்கு வேறொரு இடமும் இருக்கும்போது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வாய் சுலபமாகத் திறக்கும். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, வெங்காயம் உரிக்கும்போது, சைக்கிளுக்குப் பங்சர் ஒட்டும்போது வருகிற பேச்சு, “வா, உட்காரு, உன்கிட்ட பேசணும்” என்று கூப்பிட்டால் வராது.

அடுத்தது கஷ்டமான பகுதி. “இதுக்கெல்லாமா பள்ளிக்கூடம் போகாம இருப்பாக?” என்று வாய் வரை வரும். “நாங்கள்லாம் அந்தக் காலத்துல…” என்று ஆரம்பிக்கத் தோன்றும். இரண்டையும் விழுங்கிவிட வேண்டும். “எல்லார் முன்னாடியும்னா ரொம்ப சங்கடமாத்தானே இருந்திருக்கும்” என்றால் போதும். அப்புறம் ஒரு கேள்வி: “நான் ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டுக்கிட்டா போதுமா?” இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் கேட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கமே இல்லை. மீனாள் யோசித்துவிட்டு, டீச்சரிடம் அக்கா பேசினால் நல்லது, ஆனால் அப்பத்தாவுக்குத் தெரியவேண்டாம் என்கிறாள். அக்கா டீச்சரிடம் பேசுகிறார். பள்ளியில் இலவசமாகத் தருகிற நாப்கின் கேட்டதும் கையில் கிடைக்கும்படி ஏற்பாடாகிறது. பையில் ஒரு மாற்றுத் துணி வைத்துக்கொள்ளும் யோசனையும் அக்காவுடையதுதான். அடுத்த மாதம் வேன் போகும்போது வாசலில் நின்று பார்த்து ஒரு கையசைப்பு. அவ்வளவுதான் அவருடைய பங்கு.

பையன்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். “ஆம்பளப் புள்ள அழுவானா” என்று நாலு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்குச் சோகம் பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிறவனை “என்ன அப்பு, ரெண்டு நாளா மொகமே சரியில்லையே” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுங்கள். அன்றைக்குச் சொல்லமாட்டான். மூன்றாவது டீக்குச் சொல்லலாம்.

கல்யாண வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்ததும் “எத்தனை மார்க்கு?”, “நீட் எழுதுறியா?” என்று ஆரம்பிக்கிற வழக்கத்தை மட்டும் நாம் விட்டாலே பாதிப் பிள்ளைகள் விசேஷத்துக்கு வரச் சம்மதிப்பார்கள். பிள்ளையார் நோன்பன்று பெரியவர் கையால் இழை எடுத்துக்கொள்ளச் சின்னவர்கள் வரிசையில் வருகிறார்களே, அந்த மாதிரி நாளில் மார்க்கை விட்டுவிட்டு இப்போது என்ன விளையாடுகிறாய், யார் உன் சேக்காளி என்று கேட்டுப் பாருங்கள்.

எதைத் தனக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது

பிள்ளை நம்பிச் சொன்னதை ஊருக்குப் பரப்பக் கூடாது. அதே சமயம், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் செய்தும் கொடுக்கக் கூடாது. “உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவிக்கு ஆளக் கூப்பிடுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பாலியல் தொல்லை என்று தெரிந்தால் மறைக்கச் சட்டத்திலேயே இடமில்லை. 2012-ன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எதிராக இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் இருப்பது தனிக் குற்றம். குடும்ப மானம், தூரத்து உறவு, கோயில் மரியாதை எல்லாம் அங்கே செல்லாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இருபத்து நாலு மணி நேரமும்.

பிள்ளை தன் உயிரையே மாய்த்துக்கொள்ள நினைக்கிறதோ என்று கவலைப்பட வைக்கும் அடையாளங்களும் உண்டு: பிடித்த விளையாட்டை விட்டுவிடுதல், வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் தாறுமாறாகப் போவது, ஆசையாக வைத்திருந்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, “நான் இல்லாம இருந்தா எல்லாருக்கும் நிம்மதி” என்கிற மாதிரிப் பேச்சு. அப்போது நேராகவே கேட்கலாம்: “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுவோம். அப்படி நடப்பதில்லை, கேட்கப்பட்டதில் பலருக்கு ஆறுதல்தான் கிடைக்கிறது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்தும் மாத்திரைகளும் இருந்தால் பூட்டி அப்புறப்படுத்துங்கள், வீட்டுப் பெரியவருக்குச் சொல்லி அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். டெலிமானஸ் என்ற இலவச மனநல எண் 14416, தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். பரீட்சை முடிவு வருகிற நாட்களில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அந்த நாளில் பிள்ளையைத் தனியாக வீட்டில் விடாமல் பார்த்துக்கொள்வது தெருவில் இருக்கும் எல்லோருக்குமான வேலை.

பெரியவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்றும் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே பேசுவது நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். இதற்கு நம் வீட்டுத் திண்ணையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. தெருவில் போகிறவருக்கு ஆள் தெரியும், பேச்சு கேட்காது. பிள்ளையைத் தனி அறைக்கோ தனிப் பயணத்துக்கோ கூப்பிடுகிற, “நம்ம பேசினது வீட்டுக்குத் தெரியவேண்டாம்” என்கிற பெரியவரிடமிருந்து விலகி வரப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

உடம்பு

மனதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சோர்வு, எரிச்சல், படிப்பில் கவனமின்மை எல்லாவற்றுக்கும் மனமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கும், அதே வயதுப் பையன்களில் 31 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்றாகத் தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இதற்காகத்தான். பல பிள்ளைகள் அதை வாங்கி ஜன்னல் வழியாக வீசிவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியிருக்கும், அல்லது மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்திருக்கும். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். கறுப்பாகப் போவது சகஜம். மாத்திரையோடு டீ, காபி மட்டும் வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. முருங்கைக்கீரை, கம்பு, சுண்டல், ஈரல் என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பள்ளியில் தருகிற குடற்புழு மாத்திரையையும் தவறவிடக் கூடாது.

தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேல் இதை எட்டுவதில்லை. போனைப் பற்றித் தனியாக நீட்டி முழக்க விருப்பமில்லை. ராத்திரி போன் படுக்கைக்குப் போகாமல் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், பெரியவர்கள் போனும் சேர்த்து. இவ்வளவு போதும்.

ஊராகச் சேர்ந்து

தனித்தனி ஆட்களின் நல்ல மனதை மட்டும் நம்பினால் காரியம் பாதியில் நின்றுவிடும். ஐஸ்லாந்து நாட்டு அனுபவம் இங்கே உதவும். 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். 2016-ல் அது 5 சதவீதம். சொற்பொழிவு நடத்தி இது நடக்கவில்லை. விளையாட்டு, இசை வகுப்புகளுக்கு நகராட்சிகள் பணம் கொடுத்தன. ராத்திரி பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வெளியே சுற்றக் கூடாது என்று குளிர்கால விதி வந்தது. பெற்றோர்கள் கூட்டமாகச் சாயங்காலம் தெருக்களில் நடந்து வந்தார்கள். ஒரு பிள்ளைக்கு அவன் அப்பாவைத் தவிர இருபது அப்பாக்கள் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

பணக்கார நாடு, நாலு லட்சம்கூட எட்டாத ஜனத்தொகை என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு ஊராட்சி அளவில் யோசித்தால் நம்மால் ஆகாதது அதில் குறைவு. பள்ளிக்கூட மைதானம் நாலரைக்குப் பூட்டப்படுகிறது. இரண்டு பெரியவர்கள் முறை வைத்து உட்கார்ந்தால் ஏழு மணி வரை திறந்திருக்கலாம். ஊருணிக்கரை முனையில் ஒரு விளக்கு எரிந்தால் பெண் பிள்ளைகளும் சாயங்காலம் ஷட்டில் ஆட வருவார்கள். இப்போதெல்லாம் மைதானம் என்றால் பையன்கள் கிரிக்கெட் என்றே ஆகிவிட்டது, அதை மாற்றச் சண்டை போட்டுத்தான் ஆகவேண்டும். பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலம் விற்றால், நூறு கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்ற சட்டம் இருப்பதைக் கடைக்காரருக்கு முதலில் நயமாகச் சொல்லலாம். கேட்கவில்லை என்றால் புகார்.

இவற்றை எங்கே போய்ச் சொல்வது என்றால், இரண்டு இடம் கைவசம் இருக்கிறது. ஒன்று பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், கூட்டத்துக்குப் போய்ப் பேசுகிறவர் சிலரே. மற்றொன்று கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மைதானத்து விளக்கையும் ஊர் நூலகத்தின் சாயங்கால நேரத்தையும் தீர்மானமாக எழுதிப் பதிவு செய்யச் சொல்லலாம். போகும்போது பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிப் போங்கள். ஓட்டு இல்லையே என்று யாராவது கேட்டால், பேச ஓட்டு வேண்டாம் என்று சொல்லி, விளக்கு எந்த மூலையில் வேண்டும் என்பதை அவர்களையே சொல்லவிடுங்கள். இருட்டில் பந்து தொலைகிற மூலை எதுவென்று அவர்களுக்குத்தானே தெரியும்.